எந்தக் கையில் கேரியர்

பெருங்களத்தூரில் ஏறியதும் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, அதுவும் வலப்பக்க ஜன்னல். நல்ல சகுனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ரயில் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து வலப்பக்கம் வெளியே பார்த்தால் நாம் இடப்பக்கமாக ஓடுகிறோம். மின்கம்பம் இடமிருந்து வந்து வலப்பக்கம் போகிறது, சுவர் போகிறது, சுவரில் எழுதிய வைத்தியசாலை விளம்பரம் போகிறது, ஆகவே ஓடுகிறவன் இடப்பக்கம்தான் ஓடுகிறான். இதை வெளியே சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் தேடுவார். இருபது வருஷமாகப் பக்கவாட்டில் ஓடுகிறவனை வரைந்தே வயிறு வளர்த்தவனுக்கு ஜன்னல் என்றாலே திரைதான், என்ன செய்ய. கிண்டிக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் ஒரு மெயிலுக்குப் பதில் எழுதியாக வேண்டும். பெரிய பதில்கூட இல்லை, ஒரே ஒரு வார்த்தை. கண்ணாயிரம் கேரியரை எந்தக் கையில் பிடிப்பான்? வலதா, இடதா? நாலு நாளாகிறது. பல் தேய்க்கும்போது, லிஃப்டுக்கு நிற்கும்போது, பால் பாக்கெட்டை வெட்டும்போது, எந்தக் கை எந்தக் கை என்று அதுவே ஓடுகிறது. பத்தரை மணிக்கு, கண்ணாயிரத்தை விலைக்குக் கேட்கிற பெங்களூர் கம்பெனியின் கிண்டி ஆபீசில் கூட்டம். பதில் இல்லாமல் போய் உட்கார்ந்தால் எனக்கு விற்க மனசில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மனசு இருக்கிறதா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை, அது வேறு விஷயம்.

தாம்பரம். கூட்டம் முழுக்க இங்கேதான் ஏறுகிறது. எதிர் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, நீலக் கரை போட்ட சீருடைப் புடவை, ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை போலிருக்கிறது, உட்கார்ந்த உடனே போனை எடுத்துவிட்டார். கலர் கலராக மிட்டாய் வரிசை. விரல் நகருகிறது, மூன்று சேர்ந்தால் வெடிக்கிறது. கண்ணாயிரம் பிறந்தபோது இந்த மாதிரிப் போன் கிடையாது. பட்டன் போன், தீப்பெட்டி அளவு திரை. அதில் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். பள்ளம் வரும், எருமை வரும், தண்ணீர் லாரி வரும், மூடி இல்லாத சாக்கடை வரும். எல்லாவற்றையும் தாண்டி, சாப்பாடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேரியர் கண்ணாயிரம். அவ்வளவுதான் ஆட்டம். நான் வரைந்தேன், என் கூட்டாளி ஜரீனா புரோகிராம் எழுதினாள். ஒரு போன் கம்பெனி அதைத் தன் போன்களில் போட்டுக் கொடுத்தது, அப்புறம் பார்த்தால் கல்லூரிப் பஸ்ஸில் கண்ணாயிரம், கல்யாண மண்டபத்தில் கண்ணாயிரம், ரேஷன் கடை வரிசையில் கண்ணாயிரம். அடுத்தடுத்து மூன்று பாகம் வந்தது. நாலாவது பாகம் ஐந்து வருஷத்துக்கு முன்னால். அப்படிப் பாராட்டினார்கள், இப்படிப் பாராட்டினார்கள், கண் கலங்கியதாக எழுதினார்கள். வாங்கத்தான் ஆளில்லை. அதே ஆட்கள் 3டி என்றால் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள், பக்கவாட்டில் ஓடினால் மட்டும், இது சும்மா போனில் வருகிற ஆட்டம்தானே, தள்ளுபடி போடட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். தள்ளுபடி போட்டால் வாங்கி வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. நம்மிடம் இருக்கட்டும் என்று வாங்குகிறார்களாம். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெங்களூர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் வாசலிலேயே முடித்திருக்கலாம். போன மாதக் கூட்டத்தில் அந்த வியாபாரப் பிரிவு மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார்: சார், உங்கள் ஆளைத் தெரியாதவர் இல்லை, ஆனால் பக்கவாட்டு ஆட்டத்துக்கு இனிமேல் இரண்டே வழிதான். ஒன்று, பழையதெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிப் பழைய ஆட்களுக்கே விற்பது. இன்னொன்று, அவனைத் திருப்பி நேராக நிற்கவைப்பது. நான் உடனே சண்டைக்குப் போனேன். 3டிக்குப் போய்க் காணாமல் போன தாவல் ஆட்டங்களை வரிசையாகச் சொன்னேன், திரும்பிப் பக்கவாட்டுக்கே வந்து பிழைத்ததைச் சொன்னேன், நாலு பேர் சேர்ந்து செய்த ஆட்டம் நானூறு பேர் செய்ததை முந்தியதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உண்மைதான் சார், ஆயிரத்தில் ஒன்று அப்படி வருகிறது, நீங்கள் அந்த ஒன்றாக இருப்பீர்கள் என்று உங்கள் ஆறு பேரிடமும் சொல்வீர்களா என்று கேட்டார். ஆறு பேர். எங்கள் ஆபீசில் ஆறு பேர். இந்தக் கையெழுத்து ஆகவில்லையென்றால் தீபாவளிக்கு மேல் கடையைச் சாத்த வேண்டியதுதான், இது ஆறு பேருக்கும் தெரியும், தெரிந்தும் காலையில் எனக்குக் குட்மார்னிங் சொல்கிறார்கள். பழைய நாலு பாகமும் எங்களிடமே இருக்கும் என்று ஜரீனா எழுதி வாங்கிவிட்டாள், கெட்டிக்காரி. ஐந்தாவது மட்டும் அவர்கள் செய்வார்கள், 3டியில், வேலை எங்களுக்கும் மூன்று வருஷத்துக்கு உண்டு. உனக்கு என்ன தோணுது என்று அவளைக் கேட்டேன். வரைஞ்சது நீ, நீ மனசாரச் சொல்லு, எனக்கு ரெண்டும் சம்மதம் என்றாள். இப்படி ஒரு பதிலைச் சொல்லி மனிதனைக் கொல்லாமல் கொல்ல ஜரீனாவால்தான் முடியும்.

குரோம்பேட்டை. கேள்வி கேட்டு எழுதிய பெண்ணின் பெயர் சம்யுக்தா, அவர்கள் பக்கம் ஓவியத்துக்குத் தலைமை. மூன்று கேள்வி. கண்ணாயிரத்தின் உயரம் எத்தனை தலை? சொன்னேன், அவன் தலையையே அளவுகோலாக வைத்தால் மூன்றரை. கண்ணாயிரத்தின் முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்? இதைப் படித்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இருபது வருஷம் ஒருவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவன் முதுகை நான் பார்த்ததில்லை. பின்மண்டையில் சுழி இருக்கிறதா, சட்டை வேர்த்து ஒட்டியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அன்று உட்கார்ந்து வரைந்தேன். இரண்டு சுழி வைத்தேன், வேர்வையும் வைத்தேன். வரைய வரைய சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஜரீனாவிடம் சொல்லவில்லை, 3டிக்கு ஆள் சேர்ந்துவிட்டேன் என்று கேலி செய்வாள். மூன்றாவது கேள்விதான் இந்தக் கை. வலப்பக்கம் ஓடும்போது வலக்கையில் இருக்கிறது, இடப்பக்கம் ஓடும்போது இடக்கைக்கு மாறிவிடுகிறது, எங்களுக்கு ஒரு கை வேண்டும், எது என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்று பணிவாக எழுதியிருந்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வலப்பக்கம் ஓடுகிற படத்தை வரைவோம், இடப்பக்கத்துக்கு அதையே கண்ணாடியில் காட்டுகிற மாதிரித் திருப்பிவிடுவோம். பாதி வேலை மிச்சம், போன் நினைவகத்தில் பாதி இடம் மிச்சம். சட்டைப் பை பக்கம் மாறும், மச்சம் கன்னம் மாறும், கேரியர் கை மாறும். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கைதான்.

கவனித்தார்கள். கண்ணாயிரம் ஒற்றைப்படை லெவல்களில் வலப்பக்கம் ஓடுவான், இரட்டைப்படையில் இடப்பக்கம். லெவல் முடிவில் யாராவது நிற்பார்கள், வாட்ச்மேனோ நர்ஸோ கைக்குழந்தைக்காரியோ, கேரியரை நீட்டுவான். இடப்பக்க லெவலில் இடது கையால் நீட்டுவான். சாப்பாட்டை. இடது கையால். முதல் வாரமே போன் கம்பெனிக்குப் புகார் போய்விட்டது, சோத்தைக் கொடுக்கிற கை இதுவா, பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் இல்லையா என்று. திருத்திக் கொடுங்கள் என்றார்கள். பெரிய வேலையில்லை, பன்னிரண்டு படம் புதிதாக வரைந்தால் போதும், ஓட எட்டு, தாவ மூன்று, கொடுக்க ஒன்று. நான் சொன்னேன், இடமில்லை சார், மொத்தமே அறுபத்து நாலு கேபி, பொட்டு வைக்கக்கூட இடமில்லை. ஜரீனாவும் கூட்டத்தில் தலையாட்டினாள், ஆமாம் இடமில்லை என்று. விட்டுவிட்டார்கள். அந்தப் பொய்க்கு அதற்குப் பிறகு கை கால் முளைத்துவிட்டது. பேட்டியில் சொன்னேன், கல்லூரிக் கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டிச் சொன்னேன். ரசிகர்கள் கட்டுரை எழுதினார்கள், இடமில்லாத காலத்தின் அழகு, இல்லாமையிலிருந்து பிறந்த கலை என்று. சென்ற வருஷம்கூட ஒரு பையன் அதைப் பற்றி நாற்பது நிமிஷ வீடியோ போட்டிருந்தான், அவ்வளவு அன்பாக, பார்க்கப் பார்க்க எனக்குக் காது சூடாகிவிட்டது. இடம் இருந்தது. இல்லாமல் என்ன, நாலு கேபியாவது இருந்திருக்கும். எண்ணிப் பார்க்கவில்லை, பார்த்தால் வரைய வேண்டி வந்துவிடும்.

பல்லாவரம். எதிரிலிருக்கும் அம்மாவின் மிட்டாய் வரிசை நடுவில் விளம்பரம் வந்து நிற்கிறது. ஒரு 3டி ஆள், பளபளவென்று, மூன்று பக்கமும் திரும்பித் திரும்பி ஓடுகிறான். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. விளம்பரம் ஓடட்டும் என்று போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறார். முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியை விற்றுத்தான் மிட்டாய் பிழைக்கிறது. ஐந்தாவது கண்ணாயிரத்துக்கும் நடுநடுவே விளம்பரம் வருமோ? கேட்க மறந்துவிட்டேன், இன்று கேட்க வேண்டும். அம்மா போனை மறுபடி எடுக்கிறார், இடது கையில்தான். போனுக்கு மட்டும் யாரும் கை பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறேன். கடையில் காசை இடது கையால் நீட்டினால் முகம் மாறும், போனை நீட்டி ஸ்கேன் செய்தால் மாறாது. நான் காசையும் நீட்டமாட்டேன். கொடுப்பது, வாங்குவது, சாப்பிடுவது, கையெழுத்து, கைகுலுக்கல், வரைவது, எல்லாம் வலது. அவ்வளவு சுத்தமாகப் பழகியாகிவிட்டது. ஏதாவது தவறி விழுந்தால் மட்டும் இடது கை முந்திக்கொண்டு போய்ப் பிடித்துவிடும். பிடித்ததும் அதைக் கீழே இறக்கிவிடுவேன், யார் பார்த்தார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு.

திரிசூலம். மலை வந்துவிட்டது. கிட்டே இருக்கிற கம்பம் வேகமாகப் போகிறது, வீடுகள் நிதானமாகப் போகின்றன, மலை நகர்வேனா என்கிறது. இதைப் பார்த்துத்தான் கண்ணாயிரத்துக்குப் பின்னால் மூன்று அடுக்கு போட்டேன். சின்ன வயதில் அந்த அசனத்தன்றும் பின்னால் மலை இருந்தது. எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே. வருஷத்துக்கு ஒருநாள் கோயிலில் அசனம், ஊர் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. எனக்குப் பதினோரு வயது. சாம்பார் வாளியை முதல்தடவையாக என் கையில் கொடுத்திருந்தார்கள், பெரிய கௌரவம். வாளி வலது கையில், கரண்டி இடது கையில். எனக்கு அப்படித்தான் வந்தது. யோசித்துச் செய்யவில்லை, யோசித்திருந்தால் மாற்றியிருப்பேன். ஐந்து இலை தாண்டிவிட்டேன், ஆறாவது இலையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்க பிள்ளைலே நீ? பீச்சாங்கையிலயா வெளம்புத?" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு இலையை மடக்கினார், எழுந்தார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அப்புறம் அந்த வரிசையே எழுந்தது. சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த மனிதரும் பசியோடுதான் வந்திருப்பார், இப்போது நினைத்தால் அவரும் பாவம்தான், பாதிச் சோற்றை விட்டு எழுந்து போனார். அன்று அப்படித் தோன்றவில்லை. யாரோ என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்கள், மெதுவாக, உடைகிற சாமான் மாதிரி. அம்மா பெண்கள் பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுக்கு வந்து தன் பழைய சேலையைக் கிழித்து என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். "ஒரு மாசம் பொறுத்துக்க மக்களே, பொறவு கை தன்னால மாறிரும்." அந்தச் சேலை மெத்தென்று இருந்தது, வலிக்கவே இல்லை. கோடை விடுமுறை முழுக்க ஒற்றைக் கையோடு திரிந்தேன். கை மாறிவிட்டது. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. ஜரீனாவிடமும். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், கண்ணாயிரத்தைத் திருப்பிப் போட்டு முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அவன் இடப்பக்கம் ஓடினான், லெவல் முடிவுக்கு வந்தான், இடது கையால் கேரியரை நீட்டினான். வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். சிரித்தார். யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போகிற படத்தை நான் வரையவே இல்லையே, எப்படிப் போவார்கள். திரும்பத் திரும்ப அந்த லெவலையே ஆடினேன், வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அழுதேனா? அழுதேன், கொஞ்சம். திருத்தச் சொன்னால் எப்படித் திருத்துவது? பக்கவாட்டில் இருக்கிறவரைக்கும் பயமில்லை. யார் கேட்டாலும் இது திருப்பிப் போட்டது சார், இடமில்லை சார் என்று சொல்லிவிடலாம். 2டி 2டி என்று நான் போட்ட சத்தமெல்லாம் இதற்குத்தானா? நேராக நிற்கவைத்தால் ஒரு கை, அதற்குச் சாக்கு கிடையாது. வலது என்று எழுதினால் நானே அவன் கையை இடுப்போடு கட்டிய மாதிரி. இடது என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் சார், இத்தனை நாள் இடமில்லை என்றுதானே சொன்னீர்கள்?

மீனம்பாக்கம் போய்விட்டது, பழவந்தாங்கலும் வந்துவிட்டது. எழுதினேன்: இரண்டு கையும். திரும்பும்போதெல்லாம் கை மாறட்டும், அதுதான் அவன் அடையாளம். கெட்டிக்காரப் பதில்தான். 3டியில் அப்படிச் செய்தால் கோமாளித்தனமாக இருக்கும், அவர்களே வேண்டாம் என்று எழுந்துகொள்வார்கள், பழி என்மேல் விழாது. ஆறு பேருக்கும் சொல்லிவிடலாம், நான் தயார்தான், அவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை என்று. அனுப்புவதற்கு முன்னால் ஜரீனாவுக்கு அனுப்பிக் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது. கிண்டி ஸ்டேஷனில்தான் நிற்கிறாளாம், பின்னால் அறிவிப்புச் சத்தம். இதை அனுப்பாதே என்றாள். ஏன், நல்லாத்தானே இருக்கு என்றேன். ரயில் மெதுவாகிறது, யாரோ கால்மேல் பை வைக்கிறார்கள்.

"தேவா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. அன்னிக்கு எடம் இருந்துச்சு. பன்னெண்டு படத்துக்குச் சரியா நான்தான் ஒதுக்கி வச்சிருந்தேன். கடைசி நாள் வரைக்கும் நீ வரைஞ்சு தருவேன்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முட்டாள், நான் எப்பேர்ப்பட்ட முட்டாள். நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எண்ணி அடுக்கியவளே அவள்தான். அவளிடமே போய் இடமில்லை என்று சொல்லி, அவள் நம்பிவிட்டாள் என்று இருபது வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். போன் கம்பெனிக் கூட்டத்தில் எனக்காக அவள் பொய் சொல்லியிருக்கிறாள், முகத்தில் ஒரு கோடு மாறாமல். பின்னே ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

"கேட்டிருந்தா நீ வரைஞ்சிருப்ப" என்றாள். "மேஜையிலேர்ந்து எது விழுந்தாலும் நீ எந்தக் கையால பிடிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? இறங்கி வா. சாப்பிட்டிருக்க மாட்ட."

பரங்கிமலை தாண்டிவிட்டது. இரண்டு கையும் என்று எழுதியதை அழித்தேன். எழுத்து ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை என்று எழுதினேன். எப்போதும், எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது கைதான், இது திருப்பிப் போட்டதால் வந்ததில்லை, நான் அப்படித்தான் நினைத்து வரைந்தேன் என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எதிரில் இருக்கும் அம்மாவுக்கு மிட்டாய் வெடிக்கிறது. ரயில் நிற்பதற்குள் சம்யுக்தாவின் பதில் வந்துவிட்டது, நன்றி, குறித்துக்கொண்டேன், ஆனால் சாப்பாடு கொடுக்கிற காட்சி என்பதால் வியாபாரப் பிரிவு ஏதாவது சொல்லலாம், சில இடங்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? அவள் கேட்டதில் தப்பில்லை, அவளுக்கு அவள் வேலை. மாற்ற முடியாது என்று எழுதினேன். இடது கை சம்மதம் என்றால் கண்ணாயிரத்தை இன்றே மனசாரக் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் இல்லை, பத்தரைக்கு நேரில் சொல்கிறேன். ஆறு பேர் முகமும் வந்து போனது. அவர்களிடமும் முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் எதையும் இழக்கப்போகிறேன். சிலர் இலையை மடக்கிக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளம்புவோம்.

கிண்டி. கூட்டமே என்னை இறக்கிவிட்டது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஜரீனா நிற்கிறாள், கூட்டத்துக்கென்று இஸ்திரி போட்ட பச்சைப் புடவை, தோளில் லேப்டாப் பை, கையில் எப்போதும்போல எவர்சில்வர் டப்பா. நகல் அவளுக்கும் போயிருந்த மெயிலைப் பார்த்துவிட்டாள், முகத்தில் தெரிகிறது. டப்பாவை நீட்டினாள். என் வலது கையில் பையும் போனும் இருந்தன. எப்போதும் இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை செய்வேன், பையைத் தோளுக்கு ஏற்றி, போனைச் சட்டையில் போட்டு, வலது கையைக் காலி செய்துகொண்டு வாங்குவேன், அவளும் இத்தனை வருஷமாக அதுவரை நீட்டியபடியே நிற்பாள். இன்று பை அங்கேயே இருந்தது. இடது கை தானாகப் போனது, பாதி வழியில் நின்றது, அப்புறம் போனது. வாங்கிக்கொண்டேன். ஜரீனா அந்தக் கையை ஒரு தடவை பார்த்தாள்.

"அடியில சூடு. பாத்துப் பிடி" என்றாள். பார்த்துப் பிடித்துக்கொண்டு அவளோடு படியேறினேன்.